இரண்டாவது யோகராசா

ராத்தா,

நேற்று மத்தியானம் கொழும்பில் எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். முதலில் உறுமல் கேட்டது. பிறகு யன்னல் வழியே டீசல் புகை உள்ளே வந்தது. சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "என்னப்பா, என்ன செய்யுது?" என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஆனால் அந்த நேரம் நான் திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த நிவாரண அலுவலகத்தில், உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

நீங்கள் மௌத்தாகி ஏழு மாதமாம். போன மாதம்தான் உங்கள் மகள் என் இலக்கத்தைத் தேடிப்பிடித்து ரெலிபோன் எடுத்தார்.  இலக்கம் எழுதி வைத்திருந்த உங்கள் கொப்பி அன்றுதான் கைக்குக் கிடைத்ததாம். ஏழு மாதமாக நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்.

அந்த அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும்தான் ஜெனரேட்டர் ஓடும். அதற்கு மேல் எங்களுக்கு டீசல் கிடையாது. அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் வெளியே வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கடற்குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர்ப் பகுதியில் சண்டை மூண்டு சனம் சிதறிப் போயிருந்தது. சிலர் மூதூரிலிருந்து லோஞ்ச் படகு ஏறி நகரத்துக்கு வந்தார்கள். சிலர் வெருகல் பக்கமாக நடந்து போனார்கள். புருசன் ஒரு முகாமில், பெண்சாதி இன்னொரு முகாமில். பள்ளிக்கூடங்களிலிருந்தும் கோயில்களிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் பெயர் எழுதிய அட்டைகள் எங்களுக்கு வரும். நீங்கள் அவற்றைத் தரம் பிரிப்பீர்கள், நான் கணினியில் ஏற்றுவேன். தேடி வருகிறவர்கள் உங்கள் முன்னால் இருந்த கதிரையில் இருந்து பெயரையும் ஊரையும் சொல்வார்கள். நீங்கள் ஒரு துண்டில் எழுதி என் பக்கம் தள்ளுவீர்கள். நான் தட்டுவேன். எந்த முகாம் என்று திரையில் வரும்.

நீங்கள் என்னை விட மூன்று வயதுதான் கூட; உங்கள் ஊர் முஸ்லிம்கள் அக்காவை அழைக்கிற மாதிரி நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தவர். தேடி வருகிறவர்களிடம் நீங்கள் முதலில் பெயர் கேட்க மாட்டீர்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, அது முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "தொண்ட காஞ்சி போய் வாற மனிசரிட்ட உடன பேரக் கேட்டா, சொல்லக்குள்ளேயே அழுதிருவாங்க தம்பி" என்றீர்கள். எனக்கு அது நேர விரயமாகப் பட்டது. மூன்று மணித்தியாலம்தானே இருக்கிறது என்று மனதுக்குள் முணுமுணுப்பேன்.

நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருநாள் கேட்டீர்கள். நிரல் முழுக்க சி மொழியில் இருக்கும், தரவுத்தளத்திடம் பதிவைக் கேட்கிற இடத்தில் மட்டும் எஸ்.கியூ.எல். என்ற வேறொரு மொழியில் ஒரு வரி உள்ளே செருகியிருக்கும் என்று விளக்கினேன். நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள்.

"நாங்க தமிழ்ல கதச்சிட்டிருக்கக்குள்ள நடுவுல அரபுல ஒரு துஆ ஓதுற மாதிரியா?"

"ஓம் ராத்தா, அப்பிடித்தான்."

"அப்ப அந்த வரிதான் மேல போய்க் கேக்கிற. மத்ததெல்லாம் சும்மா கத."

இருவரும் சிரித்தோம். அந்த விளக்கத்தை விடச் சரியான ஒன்றை இன்றுவரைக்கும் நான் எந்த வகுப்பிலும் கேட்கவில்லை.

ஆனால் அந்த வரியைப் பற்றி நான் உங்களுக்கு முழுவதும் சொல்லவில்லை. நான் எழுதிய விதத்தில் அது ஒரே ஒரு பதிவைத்தான் எதிர்பார்க்கும். பெயர் இது, ஊர் இது, ஆளைக் கொண்டுவந்து இந்த இடத்தில் வை என்று கேட்கிற வரி. ஆள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லும். ஒன்றுக்கு மேல் ஆட்கள் இருந்தால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். தொடங்கிய கிழமையிலேயே அப்படி மூன்று நாலு தரம் நின்றது. நின்றால் நிரலை மூடித் திறக்க வேண்டும், பத்து நிமிசம் போய்விடும். எங்கள் பொறுப்பாளர் வாசலில் நின்றபடி, "உந்த மெசின் ஏன் அடிக்கடி நிக்குது? சனம் வெயில்ல நிக்குதெல்லோ?" என்றார்.

சரியான வழி எனக்குத் தெரியும், ராத்தா. அதைத்தான் இவ்வளவு காலமும் நான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். பொருந்துகிற பதிவுகள் எல்லாவற்றையும் திறந்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, இனி இல்லை என்று வரும் வரைக்கும் எடுத்துக்கொண்டே போகிற முறை ஒன்று உண்டு. கேர்சர் என்பார்கள். அப்படி மாற்றி எழுத இரண்டு காலை வேண்டும். அந்த இரண்டு காலையும் சனத்துக்குப் பதில் சொல்ல ஏலாது. அதனால் சுலபமான வழியை எடுத்தேன். செருகிய வரிகளை முதலில் வாசித்து மாற்றிக் கொடுக்கிற நிரலுக்கு ஒரு கட்டளை கொடுக்கலாம். ஒன்றுக்கு மேல் வந்தால் பிழை என்று சொல்லாதே, முதலாவதைத் தந்துவிட்டுப் பேசாமல் இரு. ஒரே ஒரு சொல். அதைப் போட்டேன். அதற்குப் பிறகு மெசின் நிற்கவே இல்லை. பொறுப்பாளர் என் முதுகில் தட்டினார். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக மாற்றி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆறுதல் வரவில்லை.

புவனேஸ்வரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சான் ஊர்ப் பெண், இருபத்தெட்டு முப்பது வயதிருக்கும். அன்று காலை லோஞ்சில் வந்து இறங்கியவர், சீலைத் தலைப்பு உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது. நீங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தார். புருசனின் பெயர் யோகராசா. ஓடுகிற நேரத்தில் ஷெல் விழுந்து எல்லாரும் சிதறியபோது கை விட்டுப் போனவர். பத்து நாள்.

நீங்கள் எழுதித் தந்தீர்கள். நான் தட்டினேன். யோகராசா, கட்டைபறிச்சான், நகரத்துக்கு வடக்கே சல்லி என்ற ஊருக்கு அங்கால் இருந்த ஒரு முகாம். நான் வாசித்ததும் அவர் கதிரையை விட்டு எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் இருந்தார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் மட்டும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"தம்பி, ஒராளுதானா? அந்த ஊருல யோகராசா ரெண்டு மூணு பேர் இரிக்கணுமே."

"இருந்தா மெசின் சொல்லும் ராத்தா."

இவ்வளவுதான் நான் சொன்னது. பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அந்த நிமிசத்தில் நான் போட்ட அந்தச் சொல்லை நானே மறந்திருந்தேன். வெளியே நாற்பது பேர் நின்றார்கள். மணி பதினொன்றரை. நீங்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த துண்டை எடுத்தீர்கள்.

அன்று வடக்கே போகிற பாதை பூட்டிக் கிடந்தது. புவனேஸ்வரி புதன்கிழமைதான் போனார். பாதி தூரம் சைக்கிள் ஒன்றின் பின்னால், மிச்சம் நடந்து. வியாழக்கிழமை காலை நாங்கள் அலுவலகம் திறக்கும்போது படியில் இருந்தார்.

"அவரில்லை அக்கா" என்றார் உங்களிடம். "அது ஒரு வயசுபோன மனிசன். அவருக்கும் யோகராசா எண்டுதான் பேர். பாவம், தேடி ஆள் வந்திருக்கெண்டு ஆரோ சொன்னவுடன, தன்ர மகளாக்கும் எண்டு ஓடி வந்தவர். என்னைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டிட்டார்."

நான் ஜெனரேட்டரைப் போடச் சொல்லப் போனேன். நீங்கள் காத்திருக்கவில்லை. அலுமாரியைத் திறந்து அட்டைப் பெட்டிகளைக் கீழே இறக்கி, நிலத்தில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினீர்கள். புவனேஸ்வரியும் பக்கத்தில் இருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் அட்டைகளைத் தொடவில்லை. உங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது உங்கள் கையில் ஒரு அட்டை இருந்தது. நீங்கள் அதை என்னிடம் நீட்டவில்லை. என்னைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். யோகராசா, கட்டைபறிச்சான், முப்பத்திரண்டு வயது. நகர ஆஸ்பத்திரி, ஆண்கள் விடுதி. மேல் மூலையில் என் கையால் போட்ட சரி அடையாளம் இருந்தது. கணினியில் ஏற்றியாயிற்று என்ற அடையாளம்.

ஆஸ்பத்திரி எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிச நடை.

மூன்று பேரும் நடந்தோம். கடற்கரை வீதியால் போனால் கிட்ட என்று நீங்கள் சொன்னீர்கள். புவனேஸ்வரி எங்களுக்கு முன்னால் ஓடினார், பிறகு வழி தெரியாமல் நின்றார், பிறகும் ஓடினார். விடுதியில் இருந்த தாதி பெயரைக் கேட்டதும் எழும்பி நின்றார். அந்த எழும்பலிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"நேற்றுப் பின்னேரம் அம்மா" என்றார் தாதி. "வயித்துக் காயம். நாங்கள் ஏலுமானதைச் செய்தனாங்கள். நல்ல நினைவோடதான் கிடந்தவர். வாசலால ஆர் வந்தாலும் தலையைத் தூக்கிப் பாப்பார்."

நேற்றுப் பின்னேரம் புவனேஸ்வரி சல்லிக்கு அங்கால் ஒரு கிழவனுக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். செவ்வாய் முழுவதும், புதன் பின்னேரம் வரைக்கும், அந்த மனிசன் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை பகல் நான் இரண்டாவது பெயரையும் வாசித்திருந்தால், பன்னிரண்டு மணிக்கு முதல் புவனேஸ்வரி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பார்.

பிரேத அறைக்குள் நீங்கள் அவரோடு போனீர்கள். நான் போகவில்லை. வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். போகக் கால் வரவில்லை என்று உங்களிடம் சொன்னேன். உண்மையில் புவனேஸ்வரியின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

வெளியே வந்ததும் புவனேஸ்வரி நேரே என்னிடம்தான் வந்தார். சத்தம் போடவில்லை.

"இவற்ற பேர் உங்கட மெசினில இருந்ததோ தம்பி?"

என்னால் வாய் திறக்க முடியவில்லை. நீங்கள்தான் பின்னால் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"இரிந்திச்சி தங்கச்சி. நாங்க பாக்கல்ல. எங்கட பிழ."

எங்கட பிழ. நீங்கள் கேட்டீர்கள், நான் தட்டிக்கழித்தேன். உங்களுக்கு அதில் என்ன பிழை இருந்தது? அந்த இடத்தில் நான் "இல்லை, என்ர பிழை" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று சொல். சொல்லவில்லை. புவனேஸ்வரி உங்கள் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினார். எனக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது, ராத்தா. அவர் என்னைப் பார்க்கவில்லையே என்று வந்த நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது.

மறுநாள் காலை ஜெனரேட்டர் போடும் முன் நீங்கள் கேட்டீர்கள். கோபமாக அல்ல. உண்மையில் விளங்காமல் கேட்டீர்கள்.

"மெசின் சொல்லும் எண்டீங்களே தம்பி. ஏன் சொல்லல்ல?"

"சொல்ல வேண்டாமெண்டு நான்தான் சொல்லி வச்சனான்."

 வெளியே சனம் கூடத் தொடங்கியிருந்தது. செருப்புச் சத்தமும் இருமலும் கேட்டது. பிறகு, "அப்ப இனிச் சொல்லச் சொல்லுங்க" என்றீர்கள். எழும்பிப் போய், இன்றும் நாளையும் கணினி இல்லை, அட்டையில்தான் தேடுவோம் என்று வரிசைக்கு அறிவித்தீர்கள். பொறுப்பாளர் சத்தம் போட்டார். நீங்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளுக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள்.

இரண்டு காலையில் மாற்றி எழுதினேன். ஒவ்வொரு பெயராக வந்து, கடைசியில் இனி இல்லை என்று வரும் வரைக்கும் ஓடுகிற மாதிரி. பிறகு முன்பு கேட்ட பெயர்கள் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன். நீங்கள் எழுதித் தந்த துண்டுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. யோகராசாவைத் தவிர, அவற்றில் பதினாறு பெயர்களுக்கு ஒன்றுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். அதாவது பதினாறு பேருக்கு நான் முதலாவது ஆளை மட்டும் காட்டி அனுப்பியிருக்கிறேன். அதில் எத்தனை பேர் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் யாரோ ஒருவருடைய வாசலில் போய் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை. துண்டுகளில் காணாமல் போனவர்களின் பெயர் இருந்தது. தேடி வந்தவர்களின் பெயரை நாங்கள் எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பதினாறு துண்டுகளையும் நீங்கள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் வேலைக்கு வரும் முன் லோஞ்ச் துறைக்குப் போனீர்கள். இறங்குகிறவர்களிடமும் ஏறுகிறவர்களிடமும், இந்தப் பேரத் தேடி ஆராவது வந்தாங்களா என்று கேட்பீர்கள். ஒருதரம் நானும் வந்தேன். சென்ரிக் காவலரணுக்குப் பக்கத்தில், மீன் பெட்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே, நீங்கள் ஒரு முகத்தை உற்றுப் பார்ப்பீர்கள், இல்லை என்று திரும்புவீர்கள். "முகமெல்லாம் ஞாபகம் இரிக்கி தம்பி, எடம்தான் தெரியல்ல" என்றீர்கள். ஐந்து பேரைக் கண்டுபிடித்தீர்கள். மிச்சம் பதினொன்று. அந்தப் பதினொரு பேருக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாமல் போயிற்று, எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேடலிலும் நீங்கள் "முடிஞ்சா?" என்று கேட்பீர்கள். "முடிஞ்சுது ராத்தா, இனி ஆளில்லை" என்று நான் சொன்ன பிறகுதான் தேடி வந்தவரிடம் திரும்புவீர்கள். என்னை நம்பாமல் அல்ல என்று எனக்குத் தெரியும்.

அலுவலகத்தை மூடினார்கள். நான் கொழும்புக்கு வந்தேன், நீங்கள் மூதூருக்குத் திரும்பிப் போனீர்கள். சில வருசம் கழித்து அந்தப் பக்கம் மறுபடியும் சண்டை. ஊரே வெளிக்கிட்டு நடந்தது என்று செய்தி வந்தது. தெரிந்த ஒருவர் மூலம் முகாம்களின் பட்டியல் எனக்குக் கிடைத்தது. உங்கள் பெயரைக் கொடுத்துத் தேடினேன். உங்கள் பெயரில் இருபத்துமூன்று பெண்கள். ஒவ்வொருவராக வாசித்தேன். வயது, ஊர், பிள்ளைகள். நீங்கள் இல்லை. முகாமுக்குப் போகாமல் கிண்ணியாவில் உறவுக்காரர் வீட்டில் இருந்திருக்கிறீர்கள். அது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதம் கழித்து நீங்கள் ரெலிபோன் எடுத்தபோது, தேடியதைத்தான் முதலில் சொன்னேன்.

"என்னயும் தேடினீங்களா? எத்தின பேர் வந்திச்சி?"

"இருபத்திமூண்டு."

"எல்லாரயும் பாத்தீங்களா?"

"பாத்தனான் ராத்தா."

 லைன் இரைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் புவனேஸ்வரியைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

போன மாதம் உங்கள் மகள் சொல்லித்தான் தெரியும், நீங்கள் ஒவ்வொரு வருசமும் கட்டைபறிச்சானுக்குப் போய்ப் புவனேஸ்வரியைப் பார்த்து வந்திருக்கிறீர்கள். "அந்த மாமிக்கும் சொல்லிட்டம். மையத்துக்கு வந்து அழுதாங்க" என்றார். என்னிடம் நீங்கள் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்கடுத்த கிழமை லீவு போட்டுவிட்டுக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். இப்போது லோஞ்ச் வேண்டியதில்லை, பாலங்கள் வந்துவிட்டன. பஸ்ஸிலேயே போகலாம். புவனேஸ்வரிக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மெசினில் இருந்தவன் என்று சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். உங்களைப் பற்றித்தான் கதைத்தார். நீங்கள் கொண்டுவருகிற மஸ்கற் இனிப்பு, உங்கள் முழங்கால் வருத்தம், எல்லாம். "பாவம் அந்த மனிசி" என்றார். "வாற நேரமெல்லாம், போறதுக்கு முதல் ஒருக்கா 'எங்கட பிழ தங்கச்சி' எண்டு சொல்லாமல் போகமாட்டா. நான் விடுங்கோ எண்டாலும் கேக்கமாட்டா."

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும். அந்த ஒரு சொல்லைப் போட்டது, நீங்கள் கேட்டது, நான் மெசின் சொல்லும் என்றது, வேப்பமரத்தடியில் வாயை மூடிக்கொண்டு நின்றது. "ராத்தாவில ஒரு பிழையும் இல்லை. அவ கேட்டவ. நான்தான்" என்றேன்.  கோழி ஒன்று உள்ளே வந்தது, கையால் விரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு நான் நேர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா, அவர் தப்பியிருப்பாரோ?"

"இல்லை. காயம் பெரிசு எண்டவை. ஆனா நீங்கள் பக்கத்தில இருந்திருப்பியள்."

"ஓம்" என்றார்.

 திட்டவில்லை, போகட்டும் என்றும் சொல்லவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. நான் எழும்பி, முற்றத்தில் நின்று, போய்ட்டு வாறன் என்று சொன்னேன். கேட்டதோ தெரியாது. பஸ் வரும் வரைக்கும் வீதியில் நின்றேன்.

உங்கள் பெயரை அந்தப் பிழையிலிருந்து எடுத்துவிட்டேன், ராத்தா. நீங்கள் உயிரோடு இருந்தபோது எடுத்திருக்க வேண்டியது. என்னால் ஏலுமானது அவ்வளவுதான். அவர் சொன்ன அந்த "ஓம்" என்னோடு இருக்கிறது. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.